சதையிக் கான்சரும் அஞ்சு தரக் கரண்டும்

வன்னி நேயர்களுக்கு வணக்கம். நான் விஞ்ஞானம் படிப்பிச்சு ஓய்வு பெற்ற ஆள், டொக்டர் இல்லை. மாங்குளத்தில எங்கட பெரியம்மாவுக்குக் கண் மஞ்சளாகேக்க செங்கண்மாரி எண்டு நினைச்சுக் கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்துக்கொண்டிருந்தம், மூண்டு கிழமை போய் ஸ்கான் எடுத்தாத்தான் தெரியுது சதையியில கட்டி, பெரிய நாடியைச் சுத்திப் பிடிச்சிட்டுது, வெட்டேலாது. அப்ப கரண்ட் பிடிக்கேலாதோ, அதாவது கதிர் குடுத்துக் கட்டியை அழிக்கேலாதோ எண்டு கேட்டன். அந்தக் கேள்வி என்னை விடேல்ல, அதுக்காகத்தான் நிறைய வாசிச்சனான்.

சதையி, இந்தியாப் புத்தகத்தில கணையம், இரைப்பைக்குப் பின்னால கிடக்கு. அதின்ர தலையை முன்சிறுகுடல் வளைச்சுப் பிடிச்சிருக்கு. குடல் கதிரைத் தாங்காது, புண்ணாகும், ரத்தம் போகும், ஓட்டையும் விழலாம், அதோட நாங்கள் மூச்செடுக்க எடுக்கக் கட்டியும் மேல கீழ அசையும், அதால கதிரை நாள் நாளாக் கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு கிழமைக்குப் பயந்து பயந்துதான் குடுத்தவை. இப்பிடி வெட்டேலாத சதையிக் கான்சர்காரரில செய்து 2016ல வெளிவந்த எல்.ஏ.பி.07 எண்ட ஆய்வில கீமோவோட 54 கிரே (கிரே எண்டது கதிரின்ர அளவு) கதிர் எடுத்தவைக்கு, கீமோ மட்டும் எடுத்தவையை விட ஆயுள் கூடேல்ல. கட்டி அதே இடத்தில திரும்ப வளருறது மட்டும் குறைஞ்சது.

இப்ப எம்.ஆர்.ஐயும் கதிர் மெசினும் ஒண்டாச் சேந்திருக்கு. ஒவ்வொரு தரமும் படம் எடுத்து, குடல் அண்டைக்கு எங்க கிடக்கோ அதுக்கேத்த மாதிரித் திட்டத்தை மாத்தி, கட்டி விலகினாக் கதிரை நிப்பாட்டி, 50 கிரேயை அஞ்சே தரத்தில குடுக்கினம். மொத்தம் முந்தியதுக்குக் கிட்டத்தான், ஆனா ஒரு தரத்தில பத்துக் கிரே விழேக்க கட்டிக்கு விழுற அடி ஒண்டரை மடங்குக்கு மேல. 136 பேரில செய்து பாத்ததில முதல் 90 நாளில கட்டாயம் கதிராலதான் எண்டு சொல்லக்கூடிய கடும் குடல் பாதிப்பு ஒருத்தருக்கும் இல்லை, கதிராலயா இருக்கலாம் எண்டது 8.8 வீதம். எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனா அதில ஒப்பிட வேற குழு இல்லை, எல்லாருக்கும் கதிர்தான், அதால ஆயுள் கூடுதோ எண்டு அறிய ஆக்களைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதிக்குக் கதிர் இல்லாமலும் சோதிக்கத்தான் வேணும். ஈரலுக்குப் பரவினவைக்கான வைத்தியம் இது இல்லை, அதையும் சொல்லிப்போடுறன்.

பெரியம்மா தையிலயே போயிட்டா.

கண் மஞ்சளாகி, உடம்பு கடிச்சு, மலம் வெளிறிப் போனா, அம்பது தாண்டின ஆளுக்குத் திடீரெண்டு சீனி வருத்தம் வந்து மெலிஞ்சா, கீழ்க்காய்நெல்லி குடிச்சாலும் பரவாயில்லை, அதே கிழமை ரத்தமும் ஸ்கானும் எடுங்கோ. தெல்லிப்பழை, மகரகம கான்சர் ஆசுபத்திரிக்குப் போறதெண்டா ஸ்கான் சீடியையும் கையோட கொண்டு போங்கோ, கட்டி எந்த நாடியைப் பிடிச்சிருக்கு, ஈரலுக்குப் போயிட்டுதோ எண்டு கேளுங்கோ.