கோட்டைப் பீரங்கி விட்டுத் தந்த மைதானம்

வணக்கம் உறவுகளே. முதலில் ஒரு மன்னிப்பு. இரைச்சல் கேட்டால் அது மைக்கின் பிழை இல்லை, சோளகம். இந்தக் காற்றில் யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் ஏறி நின்று வீடியோ எடுக்கிறவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? இரண்டு தரம் எடுத்து அழித்துவிட்டேன், இது மூன்றாம் தரம். தொப்பி வேறு ஒருமுறை பறந்துபோய் எடுத்து வந்தேன்.

இன்றைக்கு ஒரு மைதானத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். துரையப்பா விளையாட்டரங்கு. அப்படியானால் ஏன் கோட்டையில் நிற்கிறாய் என்று கேட்பீர்கள். மைதானத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டி, 1680இல் முடித்தார்கள். வெளிச்சுற்று வேலை 1792 வரை இழுத்தது. மூன்றே வருடத்தில், 1795இல், பிரித்தானியர் வந்து எடுத்துக்கொண்டார்கள். பார்த்துப் பார்த்து வீடு கட்டி, குடிபூருகிற நேரம் வேறு ஆள் வந்து இருந்த மாதிரி.

சரி, பீரங்கி வைத்த கோட்டை என்றால் அதைச் சுற்றி வெட்டையாக இருக்க வேண்டும். மரம், வீடு, மதில் என்று எதிரி ஒளித்து நிற்க ஒன்றும் இருக்கக்கூடாது. மேலே நிற்கிறவனுக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் வெளித்துத் தெரிய வேண்டும். எங்களூர் முற்றவெளி அப்படி விடப்பட்ட வெட்டை. பீரங்கி போய்விட்டது, வெட்டை மிஞ்சியது. நகரம் நெருங்கி நெருங்கி வந்து, பெரிதாக எதையாவது வைக்க வேண்டும் என்று தேடியபோதெல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அதோ வெள்ளையாகத் தெரிவது பொது நூலகம். அந்தப் பக்கம் மத்திய கல்லூரியும் அதன் மைதானமும். முனியப்பர் கோயில், வீரசிங்கம் மண்டபம், 1974 ஜனவரி 10ஆம் திகதி தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் இறந்தவர்களின் நினைவுத் தூண்கள், எல்லாம் நடந்து போகிற தூரம். இவற்றுக்கு நடுவில் விளையாட்டரங்கு. ஒரு மைதானம் நகரத்தின் நெஞ்சில் இருப்பதென்றால் இலேசான விஷயம் இல்லை. இன்றைக்குக் காணி வாங்கிக் கட்டுவதென்றால் யாராவது பஸ் நிலையத்தில் இருந்து நடந்து வருகிற தூரத்தில் கட்டுவார்களா?

கொஞ்சம் இருங்கள், கீழே இறங்குகிறேன்.

ம்ம், இங்கே காற்று குறைவு. இப்போது கேட்கும் என்று நினைக்கிறேன்.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்பிரட் துரையப்பா யாழ்ப்பாணத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், பிறகு மாநகர முதல்வர். 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வந்த வருடங்களின் கதை உங்களுக்குத் தெரியும், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் பந்து பார்க்க வருகிற பெடியள் பலருக்கு 'துரையப்பா' என்பது ஒரு மனிதர் என்பதே தெரியாது. அது ஒரு இடத்தின் பெயர், அவ்வளவுதான். நானும் பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் இருந்தேன்.

இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 1999இல் இந்த அரங்கைத் திருத்த நிலத்தைத் தோண்டினபோது மனித எலும்புக்கூடுகள் வெளியில் வந்தன. யுத்த காலத்தில் இந்தக் கோட்டைச் சுற்றாடல் எத்தனை கைக்கு மாறியது என்பதை நினைத்துப் பாருங்கள். வெட்டை என்றால் விளையாடவும் முடியும், புதைக்கவும் முடியும். இந்தப் புல்லில் நடக்கும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் போனதில்லை.

இப்போது நீங்கள் பார்க்கிற தோற்றம் 2016இல் வந்தது. இந்திய அரசு ஏறக்குறைய ஏழு கோடி இந்திய ரூபாய் கொடுத்துத் திருத்தியது. 2016 ஜூன் 18ஆம் திகதி திறப்பு. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் வந்தார், பிரதமர் மோடி டெல்லியில் இருந்து காணொளியில் கதைத்தார். யோகா தினத்தையும் சேர்த்து வைத்ததால் ஏறக்குறைய 8000 மாணவர்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அந்த 8000இல் நானும் ஒருவன்! மூச்சை உள்ளே இழுங்கள் என்றால் புழுதியும் சேர்ந்து வந்தது, அது வேறு கதை. இதில் கவனிக்க வேண்டியது, இருக்கை 1850 பேருக்குத்தான். மிச்சப் பேர் முழுக்கத் தரையில். இந்த 1850 என்ற எண்ணை மறக்காதீர்கள், திரும்பவும் வரும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கணக்குப் பிடிக்காதவர்கள் கச்சான் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஓட்டத் தடம் எப்படிக் கீறுகிறார்கள் தெரியுமா? தரமான 400 மீட்டர் தடம் என்றால் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரை 36.5 மீட்டர். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். முதலாம் பாதையை உள்விளிம்பில் இருந்து 30 சென்ரிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்றவற்றைக் கோட்டில் இருந்து 20 சென்ரிமீட்டர் தள்ளி. அப்படி அளந்தால்தான் சுற்று சரியாக 400 வரும். வெளியே போகப் போகச் சுற்று நீளுமே, அதற்காக இரண்டாம் பாதைக்காரனை 7.04 மீட்டர் முன்னால் விடுகிறார்கள். மூன்றாம் பாதைக்கு 14.70. எட்டாம் பாதைக்காரன் 53.03 மீட்டர் முன்னால் நிற்பான். பார்க்கிற அம்மாமார் எல்லாம் "அந்தப் பிள்ளை முதலே ஓடிட்டுதே" என்று சண்டைக்கு வருவது இதனால்தான்.

எங்கள் விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் சேர் நாடாவும் சுண்ணாம்பு வாளியுமாக நிற்பார், நான் நாடாவின் மற்ற நுனியைப் பிடிப்பேன். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் 400க்கு இடம் இல்லை, 200 மீட்டர்த் தடம்தான். "தடம் பாதி என்றால் இந்த 7.04உம் பாதியா சேர்?" என்று கேட்டேன். அவர் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினார். ஒரு முழுச் சுற்றுக்கு அந்த இடைவெளி பாதையின் அகலத்தையும் எங்கே வைத்து அளக்கிறோம் என்பதையும் பொறுத்ததே தவிர, தடத்தின் நீளத்தைப் பொறுத்தது இல்லை. அகலம் அதே 1.22 என்றால் 200 மீட்டர்த் தடத்திலும் அதே 7.04தான். வகுப்பில் மூன்று வருடம் படித்த வட்டப் பரிதி அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சரி, தடம் உதைபந்தாட்டத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். தடத்தின் உள்ளே அகலம் 73 மீட்டர், நீளம் 157 மீட்டர் சொச்சம். அதற்குள் 105க்கு 68 என்ற ஆடுகளத்தை வைத்தால், பக்கக் கோட்டுக்கும் எட்டுப் பாதைத் தடத்தின் வெளி விளிம்புக்கும் இடையில் 12 மீட்டர் சொச்சம் வருகிறது. அது பரவாயில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால்? 36 மீட்டர்! தடத்துக்கு வெளியே முதல் வரிசையில் இருந்தாலும் கோல் கோடு 36 மீட்டர் தள்ளி. நாவாந்துறைக்கும் பாசையூருக்கும் மாட்ச் என்று வையுங்கள். எங்கள் கரையோர ஊர்களுக்கு உதைபந்தாட்டம் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. கோலியின் காதில் விழுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மாட்ச் பார்த்த மாதிரியே இருக்காதே. 36 மீட்டரில் சொன்னால் காற்றுத்தான் கேட்கும்.

அதனால்தான் பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் தடம் இல்லாத அரங்கைக் கட்டுகின்றன. எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரே வெட்டையில் மாகாணப் போட்டியும் நடக்க வேண்டும், மாட்சும் நடக்க வேண்டும், பிள்ளைகள் யோகாவும் செய்ய வேண்டும். இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

இருக்கைப் படிகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் கண்ணில் இருந்து பக்கக் கோட்டுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு மேலால் அது எவ்வளவு உயரத்தில் போகிறது? 120 மில்லிமீட்டர் என்றால் நன்றாகத் தெரியும். 90 என்றால் தலையைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். 60 என்றால் இரண்டு தலைக்கு நடுவால் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். தொப்பி போட்ட கூட்டம் என்றால் 150 வேண்டுமாம். வெயிலுக்குக் குடை பிடிக்கிற எங்கள் கூட்டத்துக்கு எத்தனை வேண்டும் என்று எந்தப் பொறியியலாளரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. வெயில் என்றதும் ஒன்று: ஆடுகளத்தை வடக்குத் தெற்காகப் போடச் சொல்வதும், பிரதான மண்டபத்தை மேற்கே வைக்கச் சொல்வதும் பின்னேர வெயிலுக்காகத்தான். நாலு மணி மாட்சுக்கு மேற்கே பார்த்து இருந்தவனுக்கு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்தே தோள் நோகும்.

அடுத்தது வெளியேறுகிற வழி. பிரித்தானிய மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி, இருக்கையில் இருந்து தடையில்லாத இடத்துக்குக் கூட்டம் எட்டு நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். சமதரையில் ஒரு மீட்டர் அகல வாசலால் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 1971இல் ஸ்கொட்லாந்தின் ஐப்ரொக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வழிகாட்டி எழுதப்பட்டது. இப்போது எங்கள் 1850ஐ எடுங்கள். எட்டால் பிரித்து, 82ஆல் பிரித்தால் 2.8 மீட்டர். மூன்று மீட்டர் அகல வாசல் போதும். சின்ன அரங்கின் பெரிய வசதி இது. வெளியே வந்தால் நாலா பக்கமும் றோட்டு, நாலு திசைக்கும் சைக்கிள் பிரிந்து போய்விடும். முற்றவெளியில் பெரிய நிகழ்ச்சிகளில் கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறோம். தகரத்தையும் கயிற்றையும் கட்டி அரங்கு என்று சொன்னால் அது அரங்கு ஆகாது.

இந்த இடத்தில்தான் நகரத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவின் கதை வருகிறது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார். 40,000 பேர் இருக்கக் கூடியதாகத் திட்டம். எனக்கும் சந்தோஷம்தான். யாழ்ப்பாணத்தின் பெயரில் லங்கா பிரீமியர் லீக்கில் அணி இருக்கிறது, ஆனால் அந்த அணியின் மாட்சை நாங்கள் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறோம். ஆனால் அதே கணக்கைப் போடுங்கள்: 40,000 பேர், எட்டு நிமிடம். வாசல்களின் மொத்த அகலம் 61 மீட்டர் வேண்டும். அதைக் கட்டிவிடலாம், அது வெறும் சீமெந்து வேலை. வாசலுக்கு வெளியே என்ன? நகரத்துக்குத் திரும்ப பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல். தீவுப்பகுதிச் சனத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியும் அதுதான். படம் கீறுகிறவர்கள் புல்லையும் கூரையையும் கீறுவதற்கு முன்னம் அந்தத் தாம்போதியைக் கீற வேண்டும் என்பது என் கருத்து. கோபிக்கிறவர்கள் கோபியுங்கள்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். 1904இல் தொடங்கிய 'வடக்கின் போர்', மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதுகிற கிரிக்கெட் மாட்ச். அதற்கு எந்த நாற்பதாயிரம் இருக்கையும் தேவைப்படவில்லை. மத்திய கல்லூரி மைதானத்தில் கொட்டகை போட்டு, பாண்ட் அடித்து, மதிலில் ஏறி, மரத்தில் ஏறிப் பார்க்கிறார்கள். பழைய கிரேக்கர்களும் இப்படித்தான். ஒலிம்பியாவில் ஓடுதளம் 192 மீட்டர், பார்வையாளர்களுக்கு மண்மேடுதான், கல் இருக்கை நடுவர்களுக்கு மட்டும். 'ஸ்ரேடியம்' என்ற சொல்லே அந்த ஓட்டத் தூரத்தின் பெயரில் இருந்துதான் வந்தது.

ஆ, விசில் கேட்டதா? உள்ளே மாட்ச் தொடங்கப் போகிறது. நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். வெல்கிற கப்டன் முதல் பாதியில் காற்றோடு அடிக்கிற பக்கத்தைக் கேட்பார் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு சோளகம் குறைந்தாலும் குறையும், கையில் இருக்கிறபோதே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இங்கே விளையாடுகிறவர்களின் கணக்கு... ஓம், சொன்ன மாதிரியே கையைக் காட்டுகிறார்!

பற்றரி ஒன்பது வீதம். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் போகிறேன், அந்த 36 மீட்டரை இன்றைக்குக் காலடியால் அளந்து பார்க்கப் போகிறேன். கச்சான்காரர் வேறு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.