ஆலன் ஷெர்மன்: தெரிந்த மெட்டு, புது வரி

நேயர்களுக்கு வணக்கம். 1962 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த 'மை சன், த ஃபோக் சிங்கர்' இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாடியவர் சிகாகோக்காரரான ஆலன் ஷெர்மன். பருத்த உடம்பு, கண்ணாடி, பயிற்சி இல்லாத குரல். அதுவரை தொலைக்காட்சித் தயாரிப்பாளர். 1952-இல் தொடங்கிய 'ஐவ் காட் எ சீக்ரெட்' நிகழ்ச்சியை உருவாக்கிய இருவரில் ஒருவர்.

லாஸ் ஏஞ்சலஸ் விருந்துகளில், நியூயார்க்கின் பிராட்வே இசைநாடக மெட்டுகளுக்கு நையாண்டி வரி போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். விருந்தில் பாடலாம், தட்டில் பதிய உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அவர்களோ மறுத்தார்கள். அதனால் உரிமைக்காலம் முடிந்த நாட்டுப்புற மெட்டுகளுக்குப் போனார். அந்த நெருக்கடிதான் அவரைக் காப்பாற்றியது என்பேன். எல்லோருக்கும் மனப்பாடமான மெட்டு என்றால், எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று கேட்பவருக்கு அந்தக் கணமே பிடிபடும். மெட்டு தெரியாவிட்டால் சிரிப்புக்கு இடமே இல்லை.

பதிவுக்கூடத்துக்கு விருந்தினர்களை அழைத்து, சாப்பாடும் மதுவும் கொடுத்த பிறகே பதிவு செய்தார்கள். வெறும் கூடத்தில் பாடினால், சிரிப்பு எழும் இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று பாடுபவருக்குத் தெரியாது. அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். லூ புஷ் அமைத்த வாத்திய இசையில் கோமாளித்தனம் துளியும் கிடையாது. வேடிக்கை வரியில் மட்டும்தான்.

1963-இல் வந்த 'ஹலோ மட்டா, ஹலோ ஃபட்டா' இதன் உச்சம். மெட்டு, இத்தாலிய இசையமைப்பாளர் போன்கியெல்லியின் 1876 இசைநாடகத்தில் வரும் நடன இசை. டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' கார்ட்டூன் படத்தில் நீர்யானைகள் ஆடியது இதற்குத்தான். கோடை முகாமுக்குப் போன சிறுவன் வீட்டுக்கு எழுதும் கடிதம் பாட்டாகிறது. ஒருவனுக்கு விஷச்செடி பட்டுவிட்டது, ஏரியில் முதலை, அறைத்தோழனுக்கு மலேரியா. மெட்டின் ஒவ்வொரு சிறு துணுக்குக்கும் ஒரு முறையீடு, கடைசிச் சீரில் இயைபு. பூப்போன்ற இசை, கதிகலங்கிய சொற்கள். முடிவில் ஆலங்கட்டி மழை விட்டதும், கடிதத்தைக் கண்டுகொள்ளாதீர்கள் என்கிறான்! பில்போர்டு பாடல் தரவரிசையில் இரண்டாம் இடம், 1964-இல் கிராமி இசை விருது.

ஓராண்டுக்குள் மூன்று தட்டுகள், மூன்றும் முதலிடம். பிறகு பீட்டில்ஸ் அலையில் விற்பனை சரிந்தது. 1969-இல் அவர் எழுதிய பிராட்வே நாடகம் நான்கே காட்சிகளில் நின்றது. 1973-இல் 48 வயதில் காலமானார்.

அவர் பாட்டுகளை டாக்டர் டிமென்டோவின் வானொலி நிகழ்ச்சி விடாமல் ஒலிபரப்பியது. அதைக் கேட்டு வளர்ந்த நையாண்டிப் பாடகர் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக், பதிவுக்கு முன் மூலப் பாடகரின் சம்மதத்தைக் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டார்.