அப்பாயியின் முத்திரை மரக்கால்

நேயர்களுக்கு வணக்கம். கையோடு ஒரு பொருளைக் கொண்டுவந்திருக்கிறேன். தட்டுகிறேன், கேளுங்கள். நெல் அளக்கிற இரும்பு மரக்கால். எங்கள் அப்பாயி வைத்திருந்தது. விளிம்புக்குக் கீழே அரசாங்க முத்திரை குத்தியிருக்கிறது. கை பட்டுப் பட்டு ஆண்டு எண் மழுங்கிவிட்டது.

தாத்தா கீழத்தஞ்சையில் பண்ணையாள். கூலியை நெல்லாகத்தான் அளப்பார்கள். சில பண்ணைகளில் மரக்கால் இரண்டு இருக்கும்: குத்தகை வாங்கப் பெரியது, கூலி கொடுக்கச் சின்னது. 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடியபோது, முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பால் தண்டனையும் நிற்க வேண்டும் என்று கேட்ட அதே வாயால் இதையும் கேட்க வேண்டியிருந்தது.

அறுப்புக் கூலி வீட்டுக்கு வந்ததும் அப்பாயி வாசலில் சாக்கை விரித்து மறுபடி அளப்பாள். நான் பார்த்த காலத்தில் ஏமாற்று ஓரளவு குறைந்திருந்தது. அப்பாயிக்கு நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். நெல்லை இரு கையாலும் அள்ளி மெல்லப் போடுவாள். மரக்காலைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் நெல் இறங்கி இன்னும் ஒரு பிடி கொள்ளும். அப்புறம் விளிம்புக்கு மேலே நிற்கிற நெல்லை உள்ளங்கை ஓரத்தால் தலை தட்டுவாள். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டாள், ‘லாபம்’ என்பாள். பிறகு ரெண்டு, மூணு. களத்தில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். கூலி குறைந்து வந்த நாளிலும் ‘லாபம்’ என்றே தொடங்குவாள். நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

1960களில் மெட்ரிக் அளவை கட்டாயமானது. சட்டத்தில் மரக்கால் போய்விட்டது, ஊர்ப்பேச்சில் போகவில்லை. ஒரு மா நிலத்துக்கு எத்தனை கலம் கண்டது என்றுதான் கேட்பார்கள். கலம் என்றால் 12 மரக்கால்.

கடைசிக் காலத்தில் அப்பாயியை நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். 40 கிலோ மூட்டைகளை மின்னணுத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு எண்கள் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடை போடுகிற பையனிடம், “தம்பி, இதுல முத்திரை எங்க இருக்கு?” என்றாள். அவன் சிரிக்கவில்லை. தராசைத் திருப்பி, பின்பக்கம் கம்பியில் கோத்திருந்த ஈய வில்லையைக் காட்டினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “சரி, போடு” என்றாள்.