சீட்டில் உள்ள எண்ணும் சிறுநீரகத்தின் நிலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

குறுவை நடவு நடக்கும் வாரங்களில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இடுப்பு வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைத்தான். எச்.ஐ.வி.க்கும் இடுப்பு வலிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் திகைக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் சிறுநீரகம்.

நம் நாட்டில் அரசு மருத்துவமனைகள் 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகின்றன. இன்று பெரும்பாலோர் இரவில் விழுங்கும் அந்த ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 என மூன்று மருந்துகள் உள்ளன. இவற்றுள் டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிலருக்கு அங்குள்ள நுண்குழாய்களைப் பாதிக்கிறது; அப்போது ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை தென்படும், உடம்பிலிருந்து பாஸ்பேட் வீணாகி எலும்பு வலிக்கும். இதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருந்தில்லாமல் பெருகும் வைரஸ் சிறுநீரகத்தின் வடிகட்டிகளையே தாக்கும். அது இதைவிடப் பெரிய கேடு.

அடுத்தது பரிசோதனைச் சீட்டு. நம் ஊரில் ரத்தத்தில் அளக்கும் கழிவான கிரியேட்டினினையும் 'உப்பு' என்கிறோம், சிறுநீரில் ஒழுகும் புரதத்தையும் 'உப்பு' என்கிறோம். இதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்ததாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அதிலும் கிரியேட்டினின் ஏமாற்றக்கூடிய எண். அது தசையிலிருந்து வருவதால், மெலிந்த உடம்பில் இயல்பாகவே குறைவாக இருக்கும். முப்பது வயதும் எழுபது கிலோ எடையும் உள்ள ஆணுக்கு 1.2 என்று வந்தால், வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும்போது சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 89 மில்லிலிட்டர் சுத்திகரிக்கிறது என்று வரும். அதே 1.2, ஐம்பத்தைந்து வயதில் நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள, நாற்று நடப் போகும் ஒரு பெண்ணுக்கு வந்தால் கணக்கு 35-ல்தான் நிற்கும். 50-க்குக் கீழே போனாலே டெனோஃபோவிரைத் தொடரலாமா, அபாகாவிர் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும்போது, அந்த அம்மாள் "உப்பு சரியாத்தான் இருக்காம்" என்று சொல்லிக்கொண்டு பேருந்து ஏறியிருப்பார். ஆகவே ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் மாதத்தில் கிரியேட்டினின் சற்றே ஏறுவது வேறு விஷயம். அந்த மருந்து கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை அடைக்கிறதே தவிர, சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனால்தான் காரணம் தேட வேண்டும்.

இனி இடுப்பு வலிக்கு வருவோம். காலையிலிருந்து சேற்றில் குனிந்து நின்று, வரப்போரம் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்களை நம் வயல்களில் எங்கும் காணலாம். தண்ணீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, வெளியேற வேண்டிய டெனோஃபோவிர் தேங்குகிறது. சில நாள்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாதரசம் போன்ற உலோகங்கள் கலந்த மருந்துகளையும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளையும் இதே கணக்கில்தான் வைப்பேன்.

வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்பதைக் கூட்டு மருந்து வாங்கும் உங்கள் மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் உண்மையைச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. அங்கே நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. "எனக்குக் கிட்னிக்கு ஆகாது, வலி மாத்திரையோ வலி ஊசியோ வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

வணக்கம்.