மரிக்கொழுந்துக்கு உறவான சீன மூலிகை

வணக்கம் நண்பர்களே! கையில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். காய்ந்த தண்டும் நொறுங்கிய இலையுமாக வைக்கோல் மாதிரி இருக்கிறது. சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சீன மருந்துக் கடையில் வாங்கினேன். பெயர் சிங்ஹாவ். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்தால் எனக்கு நம் மரிக்கொழுந்துதான் ஞாபகம் வருகிறது. வராமல் எப்படி இருக்கும்? இரண்டுமே ஆர்ட்டிமீசியா என்ற ஒரே தாவரப் பேரினம்.

ராத்திரியில் ஏறும் காய்ச்சல், வெயில் காலத்துக் காய்ச்சல், விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல், இதற்கெல்லாம் சீன வைத்தியர்கள் இதைக் கொடுப்பார்கள். கஷாயத்தில் மற்ற மூலிகைகள் கொதித்த பிறகு கடைசியில்தான் இதைப் போட வேண்டும். அதிகச் சூடு ஆகாது.

அந்தச் சூடு விஷயத்தைக் கவனியுங்கள். வியட்நாம் போர்க் காலத்தில், காட்டுக்குள் இருந்த வட வியட்நாம் வீரர்களை மலேரியா சாய்த்துக்கொண்டிருந்தது. அப்போது மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின் மாத்திரை கேட்கவில்லை. 1967 மே 23இல் சீன அரசு அவர்களுக்காக ரகசியமாக ஒரு மருந்துத் தேடலைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 திட்டம் என்று பெயர். 1969இல் அதில் சேர்ந்தார் பெய்ஜிங் ஆய்வாளர் து யூயூ. சிங்ஹாவ் சாறு ஒரு சோதனையில் நன்றாகக் கேட்டது, அடுத்ததில் கைவிட்டது. ஏன் என்று புரியாமல் பழைய வைத்திய நூல்களை மறுபடி புரட்டினார். 4ஆம் நூற்றாண்டில் சீன வைத்தியர் கே ஹோங் எழுதிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது: ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடி.

கொதிக்க வை என்ற பேச்சே இல்லை, பார்த்தீர்களா! படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று நினைத்து, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற திரவத்தில் து யூயூ சாறு எடுத்துப் பார்த்தார். 1971 அக்டோபர் 4, மாதிரி எண் 191: எலிகளின் ரத்தத்தில் ஒரு மலேரியா கிருமிகூட மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன், அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படி வந்ததுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015இல் து யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இப்போது ஏன் இதைப் பேசுகிறேன்? என் மாமா மகன் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறான். "இந்த இலையை டீ போட்டுக் குடித்தால் மலேரியா வராதாமே, அக்கா?" என்று கேட்டான். வேண்டாம் தம்பி! இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். அரைகுறையாகக் குடித்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். உலக சுகாதார நிறுவனமும் இந்த டீயை ஆதரிக்கவில்லை. ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு இன்னொரு மருந்தும் சேர்ந்த மாத்திரையைத்தான், பெரும்பாலும் மூன்று நாளுக்கு, கொடுக்கிறார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக்கூடாது.

கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். கொசுவலையை நானே அவன் பெட்டியில் மடித்து வைத்துவிட்டேன்.