நம்பர் ஒன் படம் எது?

நேயர்களுக்கு வணக்கம். உலகத்தின் தலைசிறந்த படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் இடம் எதற்கு, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தில் கூப்பிட்டார்கள். நான் சினிமாக்காரன் இல்லை. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா லாரி தாமதமானால் கடை வாசலில் கூட்டம் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்தால் ஒன்று மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்ற பேச்சு, இல்லாவிட்டால் சினிமா. தண்ணீர் விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி, அதனால் அது சீக்கிரம் முடிந்துவிடும். சினிமாவில்தான் கைகலப்பு வரைக்கும் போகும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படம் எந்தத் தொழிலை, யாருடைய பிழைப்பைக் காட்டுகிறதோ, அந்தத் தொழில் தெரிந்த ஆள் முன்னால் அது நிற்க வேண்டும். விமர்சகர்கள் அப்புறம் வரட்டும். எத்தனையோ படங்களில் நாற்று நடுகிற பாட்டு வரும், கதாநாயகி சேற்றில் இறங்கி நாலு குத்து நட்டுவிட்டு முன்னால் நடந்து போவாள். எங்கள் பக்கத்துக் கொட்டகையில் அந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வரும். நடவு ஆள் இடது கையில் நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி பின்னால் பின்னால் நகர்ந்து நடுவார்கள், முன்னால் போனால் தான் நட்டதைத் தானே மிதிக்க வேண்டியதுதான். பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சிரிப்போடு அந்தப் படம் எங்கள் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். அப்படி இறங்கிய படங்களில் வெள்ளிவிழா கொண்டாடியவையும் உண்டு.

சரி, பெரிய இடத்துப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்ப்போம். லண்டனிலிருந்து வருகிற 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952லிருந்து பத்து வருடத்துக்கு ஒரு தடவை உலகம் முழுக்க உள்ள விமர்சகர்களிடம் வாக்கு வாங்குகிறது. முதல் தடவை இத்தாலியப் படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்' வந்தது. 1962லிருந்து 2002 வரை ஐந்து தடவையும் 'சிட்டிசன் கேன்' நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 2012ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதை இறக்கியது. 2022ல் யாருமே எதிர்பார்க்காத ஒன்று, 'ஜான் டீல்மான்' என்று தொடங்குகிற நீளப் பெயர் கொண்ட 1975ஆம் வருடத்துப் படம், ஷாந்தால் அக்கர்மான் என்ற பெல்ஜியத்துப் பெண் எடுத்தது, நேராக மேலே போய் உட்கார்ந்துகொண்டது. முந்தைய வாக்கெடுப்பில் அது முதல் முப்பதுக்குள்கூட இல்லை. உடனே உலகம் முழுக்கக் கூச்சல்: அரசியல் பண்ணிவிட்டார்கள், பெண் இயக்குநர் என்பதற்காகப் போட்டுவிட்டார்கள் என்று.

இதில் கவனிக்க வேண்டியது வாக்கு எண்ணுகிற முறை. ஒவ்வொருவரும் பத்துப் படம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான், பத்துக்கும் ஒரே மதிப்பு. என் கடை பெஞ்சில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஒரு படத்தை உயிருக்கு உயிராக நினைத்து எழுதுகிறார்கள். இன்னொரு படத்தை ஒன்பது பேர், 'சரி, இதையும் போட்டு வைப்போம்' என்று கடைசியாக எழுதுகிறார்கள். ஜெயிப்பது அந்த ஒன்பது பேர் படம்தான். ஆக, முதல் இடம் என்றால் அதிகம் பேர் மறக்காமல் எழுதிய படம் என்று அர்த்தம், அதிகம் பேர் முதல் இடம் கொடுத்த படம் என்று அர்த்தமில்லை. தவிர 2012ல் வாக்குப் போட்டவர்கள் 846 பேர், 2022ல் 1600க்கு மேல். வாக்காளர் பட்டியலே இரண்டு மடங்கானால் முடிவு மாறத்தானே செய்யும், நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் பார்க்காததா. அந்த 2022 பட்டியலில் முதல் நூற்றில் இந்தியப் படம் ஒன்றே ஒன்று, 'பதேர் பாஞ்சாலி', 35ஆவது இடம். 1992ல் அதே படம் ஆறாவது இடத்தில் இருந்தது. இடையில் படம் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.

2005ல் 'டைம்' பத்திரிகை நூறு படங்கள் போட்டபோது 'நாயகன்' அதில் இருந்தது, நம் ஆட்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையே கிடையாது. இணையத்தில் ஐஎம்டிபி பட்டியலில் வருடக் கணக்காக மேலே இருப்பது 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. 1994ல் தியேட்டரில் போட்ட காசைக்கூட எடுக்காத படம் அது, அப்புறம் வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்கள் மேலே தூக்கினார்கள். நம் 'அன்பே சிவம்' கதையும் ஏறக்குறைய அதுதானே.

எங்கள் பக்கத்தில் வெகுகாலம் ஒரே அளவுகோல்தான் இருந்தது: எத்தனை நாள் ஓடியது? மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தை மாதம் சம்பா அறுத்து கையில் காசு புழங்கும்போது வந்த படமும், ஆடியில் விதைநெல்லுக்கே நகை அடகு வைத்துக்கொண்டிருக்கும்போது வந்த படமும் ஒரே தராசில் ஏறுமா? ஆற்றில் தண்ணீர் வராத வருடத்தில் வந்த நல்ல படங்கள் எத்தனை பெட்டியோடு திரும்பிப் போயிருக்கும். அதோடு, பிரின்ட்டே இல்லாத படத்துக்கு யார் வாக்குப் போடுவது? தமிழின் முதல் பேசும்படம் 1931ல் வந்த 'காளிதாஸ்', இன்றைக்கு ஒரு பிரதிகூடக் கிடையாது. பாபநாசத்துக்காரர் கே. சுப்ரமணியம் 1939ல் எடுத்த 'தியாகபூமி' பிழைத்துக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் தடை போட்ட படம். கணவனிடமிருந்து விலகி நின்று, ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்று சொல்கிற சாவித்திரியை அந்தக் காலத்திலேயே காட்டிவிட்டார்கள். எந்த உலகப் பட்டியலிலும் அதைக் காணோம், அதைப் பார்த்த வாக்காளர் எத்தனை பேர் இருப்பார்கள் சொல்லுங்கள்.

இப்போது அந்த பெல்ஜியப் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் கட்சிக்கு நல்ல சாட்சி அதுதான். சென்னையில் வேலை பார்க்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். மூன்று மணி நேரம் இருபத்தொரு நிமிடம். ஒரு விதவை, ஒரு மகன், ஒரு சின்ன வீடு, மூன்று நாள் கதை. சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கை விரிக்கிறாள், மதியம் யாராவது ஓர் ஆள் வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகிறான், மறுபடியும் சமையல். கேமரா ஓர் இடத்தில் நின்றால் நின்றதுதான், உருளைக்கிழங்கு உரித்தால் உரித்து முடிக்கிற வரைக்கும் நாமும் பார்க்க வேண்டும். எனக்குக் கண் சொருகிவிட்டது. என் மனைவி அசையவில்லை. இரண்டாம் நாள் அந்த அம்மாள் உருளைக்கிழங்கை அடுப்பில் கவனிக்காமல் விட்டுக் குழைய விட்டுவிடுகிறாள், பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அறை அறையாகப் போகிறாள். "என்னங்க, எந்திரிங்க, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று என்னை எழுப்பினாள். "கெழங்கு குழைஞ்சதுக்கா எழுப்புற?" என்றேன். "தெனம் ஒரே அளவுல வேக வைக்கிறவ விட்டுட்டான்னா, அவ மனசு அங்க இல்லைன்னு அர்த்தம். நீங்க கையில வந்த தட்டைத்தானே பாத்திருக்கீங்க" என்றாள். அதற்குப் பிறகு நானும் தூங்கவில்லை. காபி ருசி சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி போடுகிற இடத்தில் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அடுப்படி தெரிந்தவர் முன்னால் நின்ற படம். ஆயிரத்து அறுநூறு விமர்சகர் சொன்னதை விட என் வீட்டு அம்மாள் சொன்னதுதான் எனக்குப் பெரிய சான்று.

அதே கணக்கில் எங்கள் பெஞ்சில் நம்பர் ஒன் 'தில்லானா மோகனாம்பாள்', 1968. சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள், இரண்டும் எங்கள் ஊர்கள், அதனால் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது நாதஸ்வரக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த படம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை விடிய விடியக் கேட்ட கூட்டம் அப்போது உயிரோடு இருந்தது, நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து வாத்தியம் செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், அவர்களை ஏமாற்ற முடியுமா? எங்கள் தெருவில் ஒரு நாதஸ்வரக்காரர் சொல்வார், வாத்தியம் தூக்கி நடிக்கிறவன் விரலை எல்லாரும் பார்ப்பார்கள், நான் மூச்சைத்தான் பார்ப்பேன், சங்கதி முடிகிற இடத்தில் கன்னம் இறங்கி தோள் தளர வேண்டும், சிவாஜிக்கு அது இறங்குகிறது தம்பி என்று. அப்புறம் 'நலந்தானா' பாட்டு. கத்திக்குத்துப் பட்டுத் தேறி வந்தவன் சபையில் வாசித்துக்கொண்டிருக்கிறான், அவள் ஆடிக்கொண்டே உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள், கேட்பது சபைக்குத் தெரியக் கூடாது. இவன் பதில் சொல்ல முடியாது, வாய் வாத்தியத்தில் இருக்கிறது. அந்தக் கஷ்டம் தொழில்காரனுக்குத்தான் முதலில் புரியும். பக்கத்தில் தவிலோடு பாலையா, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கண் கலங்குகிறார், அவர் ஒருவருக்கே தனியாக ஒரு பட்டியல் போடலாம். ஒரே ஒரு மனத்தாங்கல்: படத்தில் உண்மையாக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிக்கல்காரனுக்கு மதுரைக்காரர் வாசிப்பதா என்று எங்கள் ஆட்கள் முணுமுணுப்பார்கள், வாசிப்பைக் கேட்டால் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

உடனே கேள்வி வரும். அப்படியானால் மாயாஜாலப் படமெல்லாம் உன் பட்டியலில் கிடையாதா, கடோத்கஜன் தொழிலைத் தெரிந்தவர் யார் என்று ஒரு நாள் கடையில் மடக்கினார்கள். 1957ல் வந்த 'மாயா பஜார்' எனக்கு மிகவும் பிடிக்கும், பதில் சொல்ல முடியாமல் முழித்தேன். கல்யாணத்துக்குச் சமைக்கிற ஒருவர் அன்றைக்கு டிஏபி மூட்டைக்கு வந்திருந்தார். "லட்டு தானா பறந்து வாய்க்குள்ள போகாதுண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா ரங்காராவ் அந்தப் பந்தியைப் பாக்குற பார்வை இருக்கு பாருங்க, நான் ஒவ்வொரு கல்யாணத்திலயும் நாலு பேர்கிட்ட பாக்குறேன்" என்றார். அதோடு அந்த வழக்கு தள்ளுபடி.

இரண்டாம் இடத்துக்கு நான் சொல்வது 'உதிரிப்பூக்கள்', மகேந்திரன், 1979. இங்கே தொழில் என்று ஒன்றும் இல்லை, ஊர்தான் தொழில். கடைசியில் ஊரே சேர்ந்து கொடுமைக்காரக் கதாநாயகனை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகிறது. இத்தனை நாள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் கெட்டவன், இன்றைக்கு உங்கள் எல்லாரையும் கெட்டவர்களாக்கிவிட்டேன் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான். யாரும் கையால் தொடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு தடவையாவது வாய் மூடி நின்றவனுக்கு அந்தக் காட்சி தைக்கும்.

இதைப் பெஞ்சில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாம் இடம் 'கர்ணன்'தான் என்று ஒரு கோஷ்டி, அவர்கள் 2012ல் அதை டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டபோது வேன் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள், லேசில் விட மாட்டார்கள். இளவட்டங்களுக்கு இந்த இரண்டு பட்டியலும் வேண்டாம், அவர்கள் சொல்கிற படங்களில் நான் பார்த்தவை கொஞ்சம், பார்த்தவரை ஒளிப்பதிவு பிரமாதம், வயலைக் காட்டும்போதுதான் இன்னமும் முன்னால் நடந்து நடுகிறார்கள். உங்கள் நம்பர் ஒன் எது, அதை எந்தத் தொழில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்று நிலையத்துக்கு எழுதுங்கள். சும்மா படத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். வணக்கம்.