இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு தவளை

(தீபாவளி கழிந்த இரண்டாம் ஞாயிறு மாலை, தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த வெருலத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவு. நேரம் போதாமல் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து எழுதியது.)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே,

பேசத் தொடங்கும் முன்பே சன்னல்களைச் சாத்தச் சொன்னதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருப்பதால் என் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்று செயலாளர் சைகை காட்டினார். ஒலிபெருக்கியைக் கூட்டிவிடலாமா என்றும் கேட்டார். இரைச்சலைப் பற்றிப் பேச வந்தவன் ஒலிபெருக்கியைக் கூட்டச் சொன்னால் நன்றாக இருக்காது என்பதால் சன்னலைச் சாத்தும் வழியைத் தேர்ந்துகொண்டேன்.

இரைச்சலின் நடுவே மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நாம் பேசுவதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேளம் சட்டென்று நின்றதும் யாரோ ஒரு அம்மாள் அண்டை வீட்டுக் கதை சொல்லும் குரல் மட்டும் மண்டபம் முழுதும் கேட்டுவிடும். இதே இயல்பு பறவைகளிடமும் இருக்கிறது. பெர்லின் நகரத்து நைட்டிங்கேல் பறவைகள், போக்குவரத்து மிகுந்த வார நாள் காலைகளில், வார இறுதியைக் காட்டிலும் உரக்கப் பாடுகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் 2003இல் நடந்த ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது: இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் தம் பாட்டின் தாழ்ந்த சுரங்களை விட்டுவிட்டு மேல் சுரங்களில் பாடுகின்றன. வண்டிகளின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுரத்தில் இருப்பதால், அதோடு மோதாமல் மேலே ஏறிக்கொள்கின்றன. கெட்டிக்காரத்தனம் என்று மெச்சத் தோன்றும். ஆனால் பெட்டைகளை அதிகம் கவர்வது அந்தத் தாழ்ந்த சுரங்களே என்று பின்னர் தெரியவந்தது. தெருவில் கேட்கும்படி பாடினால் பெட்டைக்குப் பிடிப்பதில்லை, பெட்டைக்குப் பிடிக்கும்படி பாடினால் தெருவில் கேட்பதில்லை என்ற இக்கட்டில் அந்தக் குருவி இருக்கிறது.

இரைச்சல் என்றதும் காது செவிடாவதையே நாம் நினைக்கிறோம். அதுவும் நேர்வதுண்டு, எனினும் பெரும்பாலான விலங்குகளுக்கு நேரும் இழப்பு வேறு வகையானது. இரைச்சல் தூரத்தைச் சுருக்கிவிடுகிறது. டெசிபல் என்ற அளவு கடைத் தராசைப் போல ஒன்று, இரண்டு என்று நேராக ஏறுவதன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது, 10 கூடினால் பத்து மடங்காகிறது. சுற்றுப்புற இரைச்சல் வெறும் 3 டெசிபல் உயர்ந்தால், ஓர் உயிரால் ஒலிகளைக் கேட்டறிய முடிகிற பரப்பு பாதியாகிவிடும் என்பது கணக்கு. கிளையில் அமர்ந்தபடி நான்கு ஏக்கர் கரும்பில் எலியின் சலசலப்பைக் கேட்டுவந்த ஆந்தைக்கு இரண்டு ஏக்கர்தான் மிஞ்சும். இன்னும் 3 டெசிபல் ஏறினால் ஒரே ஏக்கர். நிலம் அங்கேயே இருக்கிறது, எலியும் இருக்கிறது. ஆந்தையின் காதுக்கு மட்டும் அவை எட்டுவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு அல்லாமல் என் வீட்டு முற்றத்திலும் உணர்ந்திருக்கிறேன். 2020 மார்ச் இறுதியில் நாடே வீட்டுக்குள் அடைக்கப்பட்டபோது விமானங்கள் நின்றன, சாலையும் ஓய்ந்தது. ஐந்தாறு நாள் கழித்து ஓரிரவு, பள்ளத்தில் இருக்கும் மரங்களிலிருந்து ஒரு கோட்டான் குரல் கொடுக்க, அதன் துணை சற்றே மாறிய குரலில் பதில் சொன்னது. கோட்டான் அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று என் ஆயா சொல்லி வளர்த்த காரணத்தால் முதலில் எனக்கே உள்ளூரக் கலக்கந்தான். நோய் பரவிய காலம் வேறு. பிறகு யோசித்தபோதுதான் அது புதிதாக வந்த பறவையாக இருக்க வேண்டியதில்லை என்று பட்டது. அது பல ஆண்டுகளாகவே அங்கே கூவிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குக் கேட்காதது போலவே அதன் துணைக்கும் எத்தனை இரவுகள் கேட்காமல் போயினவோ!

விலங்குகள் எழுப்பும் ஒலியில் பொருள் உண்டா என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் குரங்கையே சாட்சிக்கு அழைக்கலாம். டர்பனில் அடுக்களைச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு வாழைப்பழத்தைப் பறிகொடுக்காத வீடு ஏது? அந்த வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கைக் குரல்களைக் கென்யாவின் அம்போசெலியில் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார்கள். சிறுத்தையைக் கண்டால் ஒரு குரல், கழுகைக் கண்டால் வேறொரு குரல், பாம்புக்கு மூன்றாவது குரல். பதிவுசெய்த குரல்களை, எந்தப் பகையும் அருகில் இல்லாதபோது, மறைவாக ஒலிபரப்பிப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரல் கேட்டதும் குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன அல்லது புதருக்குள் பாய்ந்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று புல்லுக்குள் உற்றுப் பார்த்தன. குரல் மாறிக் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்: கழுகு வரும் வேளையில் மர உச்சிக்கு ஏறிய குரங்கு கழுகுக்கே இரையாகிவிடும். புல்வெட்டும் எந்திரத்தின் ஓசையில் அந்தக் குரல் பாதி கேட்டு பாதி கேளாமல் போனாலும் ஆபத்து ஏறத்தாழ அதுவே.

யானையைப் பற்றி ஒரு வார்த்தை. 1984இல் கேட்டி பெயின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் அருகே நின்றபோது, காதில் ஒன்றும் விழாமலே காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பதிவுசெய்து பார்த்ததில், மனிதச் செவிக்குக் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 20 அதிர்வை, ஒட்டியும் அதற்குக் கீழும் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. காற்று குளிர்ந்து அடங்கும் மாலை வேளையில் ஆப்பிரிக்க யானையின் இந்தக் குரல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குக்கூட எட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தொலைவு என்று வந்தால் கடலை மிஞ்ச எதுவும் இல்லை. காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். சில பத்து மீட்டருக்கு அப்பால் கண் அதிகம் பயன்படாத இடத்தில், தாய் குட்டியைத் தேடுவதும் ஆண் பெண்ணை அழைப்பதும் செவியால்தான். டர்பன் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில் வலை இழுத்து வாழ்ந்த நம் மீனவக் குடும்பங்களைப் பற்றி இங்குள்ள மூத்தோர் அறிவார்கள். ஜூன், ஜூலையில் மத்தி மீன்கூட்டம் கரையை ஒட்டி வரும்போது அதே கடலில் கூனல் திமிங்கிலங்களும் மொசாம்பிக் பக்கம் வடக்கே போகும். அந்த ஆண் திமிங்கிலங்கள் பாடுகின்றன. உருவகமாகச் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப வரும் அடிகளும் வரிசையும் உள்ள பாட்டு அது என்பதை ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் நிறுவினார்கள். ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடும், அந்தப் பாட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதே ஆண்டுகளில் நம் டர்பனின் பிளஃப் மேட்டுக்கு அப்பால் திமிங்கிலத்தை வெட்டிக் கொழுப்பெடுக்கும் நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. 1975இல்தான் அதை மூடினார்கள்.

கொல்லும் கப்பல் போய்விட்டது, சரக்குக் கப்பல் பெருகிவிட்டது. கப்பலின் சுழலி நீரைக் கிழிக்கும்போது எண்ணற்ற குமிழிகள் தோன்றி உடைகின்றன; கடலில் கப்பல் எழுப்பும் ஓசையில் பெரும்பங்கு அந்தக் குமிழிகள் உடைவதுதான். கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் ஒரே இடத்தில் 1960களில் அளந்ததையும் 2003, 2004இல் அளந்ததையும் ஒப்பிட்டபோது, தாழ்சுர இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் உயர்ந்திருந்தது. ஆந்தையின் ஏக்கர் கணக்கைத் திமிங்கிலத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

இரைச்சலால் திமிங்கிலத்துக்கு மனஉளைச்சல் என்று யாரேனும் சொன்னால் எப்படி அளந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். அதற்குக் கிடைத்த விடை யாரும் திட்டமிடாமல் கிடைத்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து மிகவும் குறைந்து, நீருக்கடி இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அங்கே வேறொரு காரணத்துக்காகத் திமிங்கிலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். மிதக்கும் சாணத்தை வலைக்கரண்டியால் அள்ளும் வேலை; பின்னைய ஆண்டுகளில் படகின் முனையில் மோப்ப நாயை நிறுத்தி, அது மூக்கை நீட்டும் திசையில் படகைச் செலுத்தினார்கள். விஞ்ஞானம் எப்போதும் வெள்ளைக் கோட்டோடு நடப்பதில்லை. அந்தச் சாணத்தில் மனஉளைச்சலைக் காட்டும் சுரப்புப் பொருளின் அளவு, மற்ற ஆண்டுகளைவிட அந்த நாட்களில் குறைந்திருந்தது. 2012இல் இது வெளியானது.

நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை வந்த விஷயம். 2021 டிசம்பரில், கிழக்குக் கேப் மாகாணத்தின் வைல்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் எண்ணெய் தேடுவதற்காகச் சில நொடிகளுக்கு ஒருமுறை காற்றுத்துப்பாக்கியால் கடலடியை நோக்கி வெடியோசை எழுப்பும் ஆய்வு தொடங்கியபோது, கரையோர மக்கள் வழக்குத் தொடுத்து மக்காண்டா உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். எங்களைக் கலந்துகொள்ளவில்லை, எங்கள் முன்னோர் கடலில் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னதை நீதிமன்றம் காதுகொடுத்துக் கேட்டது. அதே மாகாணத்து அல்கோவா வளைகுடாவில் 2016 முதல் கப்பலுக்குக் கப்பல் எரிபொருள் மாற்றும் தொழில் தொடங்க, பெங்குவின்கள் மிகுதியாக இருந்த செயின்ட் குரோய் தீவைச் சுற்றி இரைச்சல் பெருகியது. பெங்குவின்கள் பெருமளவு குறைந்தன. மீன் பற்றாக்குறையும் உடன் இருப்பதால் பழியை முழுதும் இரைச்சல் மேல் போடுவது முறையாகாது.

பழியைப் பிரித்தறிவது எப்படி? சாலை போட்டால் பறவை குறைகிறது என்றால் காரணம் புகையா, வெளிச்சமா, அடிபட்டுச் சாவதா, ஓசையா? அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு மலைமுகட்டில், சாலையே இல்லாத காட்டில், அரை கிலோமீட்டருக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கட்டி, வண்டி ஓடும் ஓசையை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வலசை போகும் வழியில் அங்கே தங்கும் பறவைகள் கால்பங்குக்கு மேல் குறைந்தன. வண்டியும் இல்லை, புகையும் இல்லை. ஓசை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இனி, கொஞ்சம் மனத்தாங்கல் வரக்கூடிய பேச்சு. தீபாவளி வந்தால் நாய் வளர்ப்போர் ஒருபுறமும் நம்மவர் ஒருபுறமும் நாளிதழுக்குக் கடிதம் எழுதுவது டர்பனில் வழக்கமாகிவிட்டது. நவம்பர் 5இல் வரும் கை ஃபாக்ஸ் நாளிலும் புத்தாண்டிலும் வெடிப்பவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்று நாம் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடிய நாய்க்குப் பண்டிகை எது என்று தெரியாது. வெடி நம் மரபு என்று சொல்வோருக்கு அதைவிடப் பழைய மரபொன்றை நினைவூட்டுவேன். அகநானூற்றின் 4ஆம் பாட்டில், வீடு திரும்பும் தலைவன், பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தேனீக்கு நம்மைப் போலத் தொலைவோசை கேட்கும் செவி கிடையாது, அருகிலுள்ள அதிர்வையே அது உணர்கிறது என்று இன்றைய அறிவியல் திருத்தம் சொல்லலாம். அதைப் பாடிய குறுங்குடி மருதனார் வண்டைச் சோதித்துப் பார்த்துப் பாடவில்லை. மணியின் நாவைக் கட்ட வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதே எனக்கு வியப்பு.

கடைசியாக, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும். கிங் ஷாகா விமான நிலையம் 2010 மே முதல் நாள் திறந்தது. அதன் ஓடுபாதைக்கு அருகே மவுண்ட் மோர்லாண்டின் நாணல் சதுப்பில் கோடைதோறும் ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் இலட்சக்கணக்கில் அடைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே நாணலில், கட்டைவிரலின் பாதி அளவேயான பிக்கர்ஸ்கில் நாணல் தவளை வாழ்கிறது. நம் குவாசுலு-நேட்டால் மாகாணக் கரையோரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பெண் இளம்பச்சை, ஆண் பழுப்பு, விலாவில் வெளிறிய கோடு. மற்ற நாணல் தவளைகள் விசில் அடித்துச் சதுப்பையே அதிரவைக்க, இதன் குரல் பூச்சி கிரீச்சிடுவது போல மெலிந்து, விட்டுவிட்டு வரும். அறிவியலார் 1982 வரை அதற்குப் பெயரிடாமல் விட்டதில் வியப்பில்லை. இந்தக் குரலின் மேல் விமானம் கடக்கிறது. விமானம் கடக்கும்போது அது கூப்பிடும் வேகமே மாறுகிறதென்று நம் நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஆண் தவளைக்குக் கூவுவதைப் போல உடல் வலிமையைக் கரைக்கும் வேலை வேறில்லை. சாப்பிட்ட பூச்சியெல்லாம் குரலுக்கே போகிறது.

வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நானும் சில நண்பர்களும் அங்கே போகிறோம். விரும்புவோர் சேர்ந்துகொள்ளலாம். வண்டிகளை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்க வேண்டும். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். கைபேசியை அணைத்துவிட வேண்டும். முதலில் குருவிகள் வந்து அடங்கும். இருட்டிய பிறகு, ஒரு விமானம் போனதும் அடுத்தது வருவதற்குள் சில நிமிடம் கிடைக்கும். அந்த இடைவெளியில் நாணலின் அடிப்பக்கம் காதை வைத்துக் கேட்டால், பூச்சியோ என்று ஐயுறும்படி, கிர்ரென்று ஒரு மெல்லொலி வரும்.